"ஒண்ணும் ஆகாது" என்று மட்டும் சொல்லிவிடாதே

அன்புத் தங்கைக்கு,

"எல்லாரும் என் மூஞ்சியவே பார்க்கறாங்கக்கா. யாருக்கு வேலை போகும்னு எனக்கே தெரியல. என்ன சொல்வேன்?" என்று நேற்றிரவு போனில் அழுதாய். அப்போது ஆறுதல் சொல்லத்தான் வாய் வந்தது. உன் நிலையில் இன்னும் பலர் இருப்பார்கள் என்பதால், பதிலை எல்லோரும் படிக்கும்படியே எழுதுகிறேன்.

நானும் உன்னைப்போல் ஒரு டீமை நடத்தும் நாற்காலியில் உட்கார்ந்தவள்தான். ஆட்குறைப்பு வருகிறது என்று அலுவலகம் முழுக்கப் பேச்சு. மீட்டிங்கில் ஒருவர், "மேடம், நம்ம டீமுக்கு ஒண்ணும் ஆகாதுல்ல?" என்று கேட்டார். கேட்டுக்கொண்டே பேனா மூடியைத் திருகிக் கழற்றுவதும் மாட்டுவதுமாக இருந்தார். அந்த விரல்களைப் பார்க்க முடியவில்லை. "ஒண்ணும் ஆகாது" என்று சொல்லிவிட்டேன். மூன்றாவது வாரம் வந்த பட்டியலில் அவர் பெயர் இருந்தது. என் பேச்சை நம்பி அவர் வேறு வேலை தேடாமல் இருந்துவிட்டார். அது இன்றும் உறுத்துகிறது.

1970 ஏப்ரலில் நிலவை நோக்கிப் போன அப்பல்லோ 13 விண்கலத்தின் ஆக்சிஜன் தொட்டி வெடித்தபோது, பூமியிலிருந்து 3 லட்சம் கிலோமீட்டருக்கும் அப்பால் மூன்று பேர் இருந்தார்கள். கட்டுப்பாட்டு அறையில் அப்போது பொறுப்பிலிருந்த ஜீன் கிரான்ஸுக்கு வயது 36. என்ன நடந்தது என்றே முதலில் யாருக்கும் புரியவில்லை. பதறாமல் சிக்கலைத் தீர்ப்போம், ஊகித்து அதை மேலும் கெடுத்துவிட வேண்டாம் என்றுதான் தன் குழுவிடம் சொன்னார். மூவரும் உயிரோடு திரும்பினார்கள். அன்று மீட்டிங்கில் நான் செய்தது அந்த ஊகத்தைத்தான், அதுவும் என் மனக்கஷ்டத்தைத் தணித்துக்கொள்ள.

நாளைக்கு யாராவது கேட்டால் உடனே வாயைத் திறக்காதே. மூச்சை இழுப்பதைவிட விடுவதை நீளமாக்கு. விடும்போது இதயத் துடிப்பு தானாகக் குறையும். மூளையிலிருந்து இதயத்துக்குப் போகும் வேகஸ் நரம்பு அதைப் பார்த்துக்கொள்ளும். ஐந்து விநாடி போதும். பிறகு சொல்: "எனக்குத் தெரிஞ்சது இவ்வளவு. இது இன்னும் தெரியாது. வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு மறுபடி பேசுவோம்." வெள்ளிக்கிழமை புதிதாக ஒன்றுமில்லை என்றாலும் நாலு மணிக்குப் போய் நில். ஒன்றுமில்லை என்பதையும் உன் வாயால் கேட்க வேண்டும் அவர்கள். வேறு வேலை தேட நினைப்பவரைத் தடுக்காதே, முடிந்தால் உதவு.

உன்னைப் பற்றியும் ஒன்று. ஹவாயின் கவாய் தீவில் 1955-இல் பிறந்த 698 குழந்தைகளை உளவியலாளர் எம்மி வெர்னர் குழுவினர் பல பத்தாண்டுகள் தொடர்ந்து கவனித்தார்கள். வறுமையும் குடும்பச் சிக்கலும் சேர்ந்து அழுத்திய குழந்தைகளிலும் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கினர் நன்றாகவே தலையெடுத்தார்கள். அவர்களுக்குத் துணையாக இருந்தவற்றுள் ஒன்று, சாய்ந்துகொள்ள உறுதியான ஒரு பெரியவர். வளர்ந்தவர்களுக்கும் அந்த ஒருவர் வேண்டும் என்றே நான் நினைக்கிறேன். ராத்திரி முழுக்கத் தனியாக விழித்துக் கிடக்காதே.

வெள்ளிக்கிழமை மீட்டிங் முடிந்ததும் கூப்பிடு. நாலரையிலிருந்து போனைக் கையிலேயே வைத்திருப்பேன்.

அன்புடன்,
அக்கா