கேம்பர் வானா, மோட்டார் ஹோமா: மகனுக்கு அப்பா எழுதிக்கொள்வது

கொக்குவில்,
யாழ்ப்பாணம்.

அன்புள்ள மகனுக்கு,

நாங்கள் இருவரும் நலம். நீயும் மருமகளும் பிள்ளைகளும் நலமாயிருக்க நல்லூரானை வேண்டுகிறோம்.

நீ அனுப்பிய இரண்டு வாகனங்களின் படங்களையும் அம்மாவும் நானும் விறாந்தையில் இருந்து ஒவ்வொன்றாகப் பார்த்தோம். ஒன்று வொக்ஸ்வாகன் ட்ரான்ஸ்போர்ட்டரில் செய்த சிறிய கேம்பர் வான்; மற்றது ஃபியட் டுகாட்டோவின் மேல் வீடு போலக் கட்டி எழுப்பிய, ஆறு பேர் படுக்கக்கூடிய ஏழு மீற்றர் மோட்டார் ஹோம். பெரியதன் பக்கமே உன் மனம் சாய்ந்திருப்பது கடிதத்திலேயே தெரிகிறது. அடுத்த ஆடி மாதம் நாங்கள் வரும்போது எல்லோரும் ஒரே வாகனத்தில் ஸ்கொட்லாந்து வரை போகலாம் என்று அதற்குக் காரணமும் எழுதியிருக்கிறாய். அந்த வரியை வாசித்ததும் அம்மா கண் கலங்கினார். எனக்கும் மனம் நிறைந்தது. ஆனாலும் முப்பத்தொரு வருடம் ஹயர் வான் ஓடியவன் என்பதால், அந்தச் சந்தோசத்தைச் சற்று ஒதுக்கி வைத்துவிட்டு, இதைக் கணக்குப் பார்த்து எழுதுகிறேன்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சிறியதை வாங்கு. எங்களுக்காகப் பெரியதை வாங்காதே. நாங்கள் வந்து நிற்கப்போவது ஒரு மாதம். நீ வாங்கும் வாகனமோ பத்துப் பன்னிரண்டு வருடம் உன் வாசலில் நிற்கப்போகிறது.

அந்த வாசலைத்தான் நான் முதலில் நினைத்துப் பார்த்தேன். 2018இல் நாங்கள் லண்டனுக்கு வந்தபோது உன் தெருவின் இரு கரையிலும் கார்கள் வரிசையாக நின்றன. உன் வீட்டுக்கு முன்னால் ஒரு கார் நிற்க மட்டுமே இடம் இருந்தது. ட்ரான்ஸ்போர்ட்டர் ஏறத்தாழ 4.9 மீற்றர் நீளம், 1.9 மீற்றர் அகலம், இரண்டு மீற்றருக்குச் சற்றே குறைந்த உயரம். அது அந்த இடத்தில் அடங்கும். மோட்டார் ஹோம் ஏழு மீற்றர் நீளத்தோடு, பக்கக் கண்ணாடிகளைச் சேர்க்காமலே 2.3 மீற்றர் அளவு அகலமும், மூன்று மீற்றரை எட்டும் உயரமும் உடையது. அதை எங்கோ ஓர் இடத்தில் மாத வாடகை கொடுத்து நிறுத்த வேண்டிவரும். வெள்ளிக்கிழமை வேலை முடிந்து வந்து, அங்கே போய் அதை எடுத்து, வீட்டுக்குக் கொண்டுவந்து சாமான் ஏற்றி, ஞாயிறு இரவு திரும்பவும் இறக்கிக் கொண்டுபோய் விடுவதென்றால், முதல் வருடம் உற்சாகமாகச் செய்வாய், இரண்டாம் வருடம் யோசிப்பாய், மூன்றாம் வருடம் அது அங்கேயே நிற்கும்.

ஓடாமல் நிற்கும் வாகனம் எப்படிக் கெடும் என்பதை நான் கண்ணால் கண்டவன். போரால் கண்டிக்குப் போகும் ஏ9 வீதி பூட்டிக் கிடந்த வருடங்களில் நம்முடைய ஒழுங்கைகளில் எத்தனையோ நல்ல வாகனங்கள் படலைக்குள்ளேயே நின்று முடிந்துபோயின. பற்றறி இறங்கிவிடும்; பிரேக் இறுகிவிடும்; ரயரின் பூ தேயாமலே பக்கச் சுவர் வெடிக்கும். மோட்டார் ஹோம் விற்பவர்கள் “குறைவாகத்தான் ஓடியிருக்கிறது” என்று சொல்வதை நீ ஒரு சிறப்பாக எடுத்துக்கொள்ளாதே. ரயரின் பக்கத்தில் ஒரு சிறிய நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்கங்கள் இருக்கும். 2317 என்றிருந்தால் அது 2017ஆம் ஆண்டின் 23ஆவது கிழமையில் செய்யப்பட்ட ரயர். பூ எவ்வளவு ஆழமாக இருந்தாலும் அந்த ரயரில் என் பேரப்பிள்ளைகளை ஏற்ற வேண்டாம். சிறிய வானை நீ வேலைக்கும் பள்ளிக்கூடத்துக்கும் கடைக்கும் எடுத்துப் போகலாம் என்பதால் அது ஓடிக்கொண்டே இருக்கும். அதன் ஆரோக்கியமும் அதில்தான் இருக்கிறது. ஒன்றை மட்டும் கவனி. 2023 ஆகஸ்ட் 29 முதல் லண்டன் முழுவதும் மாசுக் கட்டுப்பாட்டு வலயத்துக்குள் வந்துவிட்டதால், டீசல் வாகனம் யூரோ 6 என்ற புகைத் தரத்தில் இல்லையென்றால் ஓடும் ஒவ்வொரு நாளும் 12.50 பவுண் கட்ட வேண்டும். தினமும் ஓடப்போகும் வானுக்கு இதை முதலில் கேள்.

அடுத்தது பாதை. இதைச் சற்று விரிவாக எழுத வேண்டும், ஏனென்றால் இதில் நான் அடிபட்டவன்.

2004ஆம் ஆண்டு என் ஹையேஸ் வான் கராஜில் நின்ற நேரம், தெரிந்த ஒருவருடைய இருபத்தொன்பது சீற் றோசா பஸ்ஸை வாங்கிக்கொண்டு அளவெட்டிச் சனத்தைக் கதிர்காமத்துக்கு ஏற்றிப் போனேன். திரும்பும்போது மகியங்கனையிலிருந்து கண்டிக்கு ஏறும் பதினெட்டு வளைவுப் பாதையில் வந்தோம். ஒரு வளைவில் மேலிருந்து லொறி ஒன்று இறங்கியது. அதற்கு வழிவிட இடது பக்கக் கட்டுச் சுவரோடு ஒட்டி நிறுத்தினேன். லொறி போனதும் ஸ்டியரிங்கை வலப்பக்கம் முழுதாக ஒடித்து எடுத்தேன். முன்பக்கம் நான் நினைத்தபடியே அழகாகத் திரும்பியது. பின்னால் தகரம் கிழியும் சத்தம் கேட்டது. பின் சில்லுக்கும் பின்னால் நீண்டிருக்கும் உடம்பு, வாகனம் வலப்பக்கம் திரும்பும்போது இடப்பக்கம் வீசும் என்பது எனக்குத் தெரியாத விடயம் அல்ல. ஆனால் என் கைக்கும் கண்ணுக்கும் பழகியிருந்தது ஹையேஸின் அளவு. பின் விளக்கு நொறுங்கி, மூலைத் தகடு உள்ளே போயிருந்தது. அதன் பிறகு ஒவ்வொரு வளைவிலும் ஒரு வயதான அம்மா இறங்கிக் குடையை நீட்டி வழி காட்ட, மேலே வந்து சேர்ந்தோம்.

நீ படம் அனுப்பிய மோட்டார் ஹோமில் பின் சில்லுக்குப் பின்னால் ஏறத்தாழ இரண்டு மீற்றர் உடம்பு நீண்டிருக்கிறது. அதோடு நீ போக நினைப்பது ஸ்கொட்லாந்தின் வடகரையைச் சுற்றிவரும் நோர்த் கோஸ்ட் 500 பாதை. அந்த 830 கிலோமீற்றர் வழியில் பல இடங்களில் பாதை ஒரு வாகன அகலம்தான்; எதிரே வருபவருக்கு ஒதுங்குமிடத்தில் நின்று வழிவிட வேண்டும், சில வேளை அதற்காகப் பின்னால் ஓட வேண்டும். அந்த வழியில் ஆப்பிள்குரொஸுக்கு ஏறும் பியலக் நா பா மலைப்பாதையின் தொடக்கத்திலேயே, மிகப் பெரிய வாகனங்களும் கரவன்களும் வர வேண்டாம் என்று அறிவுறுத்தும் பலகை வைத்திருக்கிறார்கள். ஸ்கொட்லாந்தில் மட்டுமென்று நினைக்காதே. கோர்ன்வாலின் கிராமத்து ஒழுங்கைகள் இரண்டு பக்கமும் உயர்ந்த கல்வேலியோடு நம் பழைய கிடுகு வேலி ஒழுங்கைகளைப் போல ஒடுங்கியவை. வித்தியாசம் என்னவென்றால் கிடுகு வளையும், கல் வளையாது. கடற்கரைகளில் உள்ள வாகனத் தரிப்பிடங்கள் பலவற்றின் வாசலில் இரண்டு மீற்றர் அளவில் குறுக்கு இரும்பு போட்டிருப்பார்கள். கூரையில் எதையும் கட்டாத ட்ரான்ஸ்போர்ட்டர் அவற்றில் பலவற்றுக்குள் நுழைந்துவிடும். மூன்று மீற்றர் உயர வாகனத்தோடு வெளியே நின்று கடலைப் பார்த்துவிட்டுப் போக வேண்டியதுதான்.

இனி நிறை. நீ 1997 ஜனவரி 1க்குப் பிறகு அங்கே அனுமதிப்பத்திரம் எடுத்தவன். உன் பத்திரத்தில் 3,500 கிலோவுக்கு மேற்பட்ட மோட்டார் ஹோம் ஓட முடியாது, அதற்கு சீ1 என்ற அடுத்த நிறை வகைக்கான சோதனையில் தேற வேண்டும். அதனால்தான் விற்பவர்கள் பெரிய வாகனங்களையும் 3,500 கிலோவுக்குள் என்று பதிந்து விற்கிறார்கள். ஆனால் அந்த 3,500 என்பது வாகனமும் அதில் ஏறும் எல்லாமும் சேர்ந்த எல்லை. ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். வெறும் வாகனமும் சாரதியுமாகப் பத்திரத்தில் 3,080 கிலோ என்று இருந்தால் மிச்சம் 420. மருமகளும் இரண்டு பிள்ளைகளும் 125. நான்கு சைக்கிளும் அதைத் தூக்கும் தாங்கியும் 75. வெளிப்பந்தலும் கதிரை மேசையும் 50. காஸ் சிலிண்டர், மின்சார வயர், சில்லுக்கு வைக்கும் கட்டைகள் 40. உடுப்பு, அரிசி மா, சட்டி பானை 80. இதிலேயே 370 போய்விட்டது. அம்மாவும் நானும் சேர்ந்து 130 கிலோ. தண்ணீர்த் தாங்கியில் 100 லீற்றர் நிரப்பினால் அது இன்னொரு 100 கிலோ. ஆறு பேர் படுக்கலாம் என்று விற்ற வாகனத்தில் ஆறு பேர் சட்டப்படி பயணம் போக முடியாது, மகன். படுக்கை ஆறு இருந்தாலும் இடுப்புப் பட்டியோடு கூடிய சீற் நான்குதான் இருக்கும் வாகனங்கள் பல உண்டு. பன்னிரண்டு வயது அல்லது 135 சென்ரிமீற்றர் உயரம் வரும்வரை பிள்ளைகளுக்குத் தனி ஆசனம் கட்ட வேண்டுமென்பது அங்கே சட்டம். பக்கவாட்டாகப் பார்த்திருக்கும் சீற்றில் அதைக் கட்ட இயலாது. பெரியதை வாங்கினால் எங்களை ஏற்றிப் போகலாம் என்ற உன் காரணம் இந்த இடத்திலேயே நின்றுவிடுகிறது.

சிறிய வாகனத்துக்குள் நான்கு பேர் எப்படி வாழ்வது என்று மருமகள் கேட்டதாக எழுதியிருந்தாய். அது நியாயமான கேள்வி. அதற்கு என்னிடம் உள்ள பதில் நீயும் அறிந்ததுதான்.

1995 ஒக்ரோபர் 30 இரவு, போருக்குப் பயந்து வலிகாமத்துச் சனம் முழுவதும் ஒரே வீதியில் தென்மராட்சிக்கு நடந்த அந்த இரவில், மண்ணெண்ணெயில் ஓடிய நம்முடைய பழைய மொறிஸ் வானில் ஏழு பேர் இருந்தோம். உனக்கு ஒன்பது வயது. மழை பெய்தது. நாவற்குழிப் பாலத்தைத் தாண்டுவதற்குள் விடிந்துவிட்டது. பிறகு கொடிகாமத்தில் ஒரு மாமரத்தின் கீழ் ஆறு இரவுகள் அந்த வானுக்குள்ளேயே படுத்தோம். முதல் இரவு தேடியதெல்லாம் காலுக்குள் மிதிபட்டது. குழந்தைக்குத் தண்ணீர் எடுக்கக் கேத்தலைத் தட்டிப் பாய் நனைந்தது. அடுத்த நாள் காலை அப்பம்மா ஒவ்வொன்றுக்கும் இடம் வகுத்தார். பின் கதவுக்கு இடப்பக்கம் தண்ணீர்க் கலன். அதன் மேல் ஆணியில் பேணி. யன்னல் கம்பியில் ரோச் லைற். ஈர உடுப்பு எதுவும் உள்ளே வரக்கூடாது, முன் பம்பரில்தான் காய வேண்டும். இருட்டில் கையை நீட்டினால் பேணி கையில் வந்து சேர்ந்ததை நீயே பிறகு பலமுறை சொல்லியிருக்கிறாய். வீடிழந்து கிடந்த அந்த நாட்களோடு ஒரு விடுமுறையை நான் ஒப்பிடவில்லை. ஒடுங்கிய இடத்துக்குள் சனம் சண்டையில்லாமல் இருக்க எது வேண்டும் என்பதை நம் குடும்பம் அறியும் என்பதற்காக மட்டும் எழுதுகிறேன். நீ பார்க்கும் ட்ரான்ஸ்போர்ட்டரில் உயர்த்தும் கூரைக்குள் இருவரும் கீழே இருவரும் நீட்டி நிமிர்ந்து படுக்கலாம். ஈர உடுப்புக்கும் சப்பாத்துக்கும் வெளியே ஒரு பந்தல் இருந்தால் போதும். மீன் பொரிப்பதென்றால் அதையும் அந்தப் பந்தலுக்குள் செய்யுங்கள். துணி விரித்த சிறிய வானுக்குள் அந்த மணம் ஒரு மாதத்துக்குப் போகாது.

சிறியதன் குறைகளையும் மறைக்கக்கூடாது. தொடர்ந்து மூன்று நாள் மழை பெய்தால் பிள்ளைகள் உள்ளே அடைபட்டுப் போவார்கள். ஒவ்வொரு இரவும் சீற்றை மடித்துப் படுக்கையாக்கி, காலையில் திரும்ப எடுத்து வைக்க வேண்டும். எல்லாவற்றிலும் பெரியது மலசலகூடம். இருக்கைக்குக் கீழிருந்து இழுத்து வைக்கும் சிறிய பெட்டிதான் அதில் இருக்கும். அது தாழ்வானது, அம்மாவின் முழங்கால் அதற்கு மடங்காது. இந்தக் காரணத்துக்காக இரண்டுக்கும் இடைப்பட்ட ஒன்றை நீ பார்ப்பதில் எனக்கு மறுப்பில்லை. டுகாட்டோவின் தகர உடம்பை அப்படியே வைத்துக்கொண்டு உள்ளே செய்த வான்கள் 5.4, 6 மீற்றர் நீளங்களில் உண்டு, அகலம் 2.05 மீற்றர்தான், நிமிர்ந்து நிற்கலாம், கதவு போட்ட சிறிய மலசலகூடமும் இருக்கும். பொருத்துகள் குறைவு என்பதால் கட்டி எழுப்பிய மோட்டார் ஹோமைப் போல மூலைகளில் ஈரம் இறங்கிப் பலகை உக்கும் பயமும் குறைவு. ஆனால் அதற்கும் உன் வாசல் போதுமா என்று பார்க்க வேண்டும்.

எங்கள் பயணத்துக்கு வேறு வழி இருக்கிறது. நீங்கள் நால்வரும் வானில் வாருங்கள். நாங்கள் ரயிலில் இன்வர்னஸ் வரை வந்து, நீங்கள் நிற்கும் இடத்துக்குப் பக்கத்தில் ஓர் அறை எடுத்துத் தங்குகிறோம். பகலெல்லாம் ஒன்றாக இருக்கலாம். அம்மாவுக்கும் இதுதான் விருப்பம். இரவில் நான்கு தடவை எழும்புவதால் பிள்ளைகளின் நித்திரை குழம்பும் என்று அவர் முன்பே கவலைப்பட்டார்.

வாங்குவதற்கு முன் இரண்டு வகையையும் ஒவ்வொரு கிழமை முடிவுக்கு வாடகைக்கு எடுத்துப் பார். வெயில் காலத்தில் எடுக்காதே. ஐப்பசி, கார்த்திகையில், மழையும் குளிரும் உள்ள நாளில் எடு. இன்னொன்று, இதை நான் கேட்பதாக எண்ணாமல் கட்டளையாக எடுத்துக்கொள்: எவ்வளவு குளிரென்றாலும் காஸ் அடுப்பையோ கரி அடுப்பையோ உள்ளே எரித்துச் சூடு காயக்கூடாது. கார்பன் மொனொக்சைட்டுக்கு மணம் இல்லை. நித்திரையிலேயே ஆளைக் கொண்டுபோகும். அதற்கான எச்சரிக்கைக் கருவி வேலை செய்கிறதா என்று ஒவ்வொரு பயணத்துக்கு முன்னும் அதன் பொத்தானை அமர்த்திப் பார்.

உன் வீட்டு மதிலிலிருந்து முன் கதவு வரையுள்ள நீளத்தையும், மதில் வாசலின் அகலத்தையும் நாடா பிடித்து அளந்து அடுத்த முறை எழுது. கதவு திறக்க விடவேண்டிய இடத்தையும் கழித்துக்கொள். வானின் நான்கு ரயர்களிலும் உள்ள இலக்கங்களைக் கிட்டவாகப் படமெடுத்து அனுப்பு. மேலதிக ரயர் இருந்தால் அதையும் சேர்த்து.

இப்படிக்கு,
உன் அன்பு அப்பா