ஒத்ததிர்வுக் குழாய்: இரண்டு அளவும் எடுங்கள்

ஆசிரியர்களுக்கு வணக்கம். குழாய்க்குள் இருக்கும் காற்றை அதிரவைத்து ஒலியின் வேகத்தை அளக்கும் காற்றுத் தம்பச் சோதனை செய்யவிருப்போர் கவனத்துக்கு.

தேவையானவை: 512 ஹெர்ட்ஸ் இசைக்கவை, 3 செ.மீ. உள்விட்டமும் 55 செ.மீ. நீளமும் உள்ள பிவிசி குழாய், 45 செ.மீ. ஆழத்துக்குத் தண்ணீர் நிற்கும் டிரம். சாதாரண வாளி போதாது. முதல் ஒத்ததிர்வுக்கே (குழாய்க் காற்று கவையோடு சேர்ந்து அதிர்ந்து ஒலி ஓங்கும் நிலை) குழாயில் ஏறக்குறைய 39 செ.மீ. நீருக்குள் போக வேண்டும்.

கவையை ரப்பர் கட்டையில் தட்டுங்கள், மேசை விளிம்பில் வேண்டாம். கவையின் அதிர்வெண்ணே மாறிவிடக்கூடும். புயங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக, குழாய் வாயைத் தொடாமல் இருக்கட்டும். குழாயை அமிழ்த்திய நிலையிலிருந்து மெல்ல உயர்த்துங்கள். 30 டிகிரி வெப்பநிலையில், நீருக்கு மேலுள்ள குழாயின் நீளம் 16.1 செ.மீ. அருகில் வரும்போது ஒலி திடீரென ஓங்கும். அடுத்தது 50.2 செ.மீ.

பெரும்பாலும் தவறுவது கணக்கில்தான். முதல் அளவை மட்டும் எடுத்து நான்காலும் அதிர்வெண்ணாலும் பெருக்கினால் ஒலியின் வேகம் 330 மீ/வி என்றே வரும், ஏனெனில் அலை குழாயின் வாயைத் தாண்டி விட்டத்தில் 0.3 பங்கு (இங்கே 0.9 செ.மீ.) வெளியே நீள்கிறது. இரண்டாவது நீளத்திலிருந்து முதல் நீளத்தைக் கழித்தால் (0.341 மீ., அரை அலைநீளம்) இந்த முனைத்திருத்தம் தானே நீங்கிவிடும்: 2 × 512 × 0.341 = 349 மீ/வி. இரண்டு விடைகளையும் கரும்பலகையில் அருகருகே எழுதி, வித்தியாசம் ஏன் என்று மாணவர்களையே முதலில் யோசிக்க விடுங்கள். அறை வெப்பநிலையைக் குறிக்க மறக்க வேண்டாம். ஒரு டிகிரிக்கு வேகம் 0.6 மீ/வி மாறும்.