ஹெரால்டுக்கு நாலு கதவு

முடிச்சூர்,
மாசி 21

அன்புள்ள கயலுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். தினமும் வாட்ஸ்அப்பில் முகத்தைப் பார்த்துக்கொண்டே கடிதம் எதற்கு என்று கேட்பாய். உடம்புக்கு ஒன்றும் இல்லை, பயப்படாதே. காகிதத்தில் மட்டுமே அனுப்பக்கூடிய ஒரு விஷயம் இருக்கிறது. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

முதலில் ஒரு வாக்குமூலம். தீபாவளிக்கு நீ அனுப்பிய, துண்டு துண்டாக ஒட்டிச் செய்கிற அந்த ஏர்ஃபிக்ஸ் பிளாஸ்டிக் பொம்மைக் கார் எங்கே, காட்டுங்கப்பா என்று மூன்று முறை கேட்டுவிட்டாய். மூன்று முறையும் "காய்ந்துகொண்டிருக்கிறது" என்றேன். பொய். நான் அதை அறுத்துப் போட்டிருந்தேன்.

கோபித்துக்கொள்ளாதே. பெட்டியின் மேல் ட்ரையம்ப் ஹெரால்டு என்று பார்த்ததும் உனக்குத் தாத்தா ஞாபகம் வந்திருக்கும், வாங்கிவிட்டாய். பிரித்த அன்று ராத்திரி எனக்குத் தூக்கமே இல்லை. 32-ல் ஒரு பங்கு அளவு, பம்பரிலிருந்து பம்பர் வரை 12 சென்டிமீட்டர், உள்ளங்கையில் அடங்கிவிட்டது. ஆனால் பாப்பா, அது உன் ஊர் வண்டி. இங்கிலாந்தில், காவென்ட்ரியின் கேன்லி தொழிற்சாலையிலிருந்து 1959-ல் வந்தது. அதற்கு இரண்டே கதவு. தாத்தா பெயின்ட் அடித்த வண்டிக்கு நாலு.

நம்ம ஊரில் 1961-லிருந்து ஸ்டாண்டர்டு ஹெரால்டு என்ற பெயரில் செய்தார்கள். 1968-ல் மார்க் த்ரீ என்கிற மாடல் வந்தபோது பின்னால் இரண்டு கதவு சேர்த்தார்கள். இங்கிலாந்தில் கடைசிவரை அந்த யோசனை யாருக்கும் வரவில்லை. பட்டுப்புடவை கட்டிய ஒரு பாட்டியை, முன் சீட்டை மடக்கிப் பின் சீட்டில் ஏற்றிப் பார்த்திருந்தால் வந்திருக்கும். பெருங்களத்தூரில் இப்போது ஐ.டி. கட்டடங்கள் நிற்கிற இடத்தில்தான் அந்தத் தொழிற்சாலை இருந்தது. தாத்தாவுக்குப் பெயின்ட் பிரிவு. சாயங்காலம் சைக்கிளில் வந்து இறங்கினால் அவருக்கு முன்னால் தின்னர் வாசனை வீட்டுக்குள் வரும். கடைசிவரை சொந்தமாக ஒரு கார் அவருக்கு இருந்ததில்லை. அதை ஒரு குறையாக அவர் சொல்லியும் நான் கேட்டதில்லை.

ஹெரால்டைப் பற்றி அவர் சொன்ன ஒன்று இப்போதுதான் எனக்கு உறைக்கிறது. "இது ஒரே உடம்பா வார்த்த வண்டி இல்லடா, போல்ட்டு போட்டு முடுக்கின வண்டி" என்பார். நிஜம்தான். காவென்ட்ரிக்காரர்களுக்கு பாடி செய்துகொடுத்த கம்பெனியைப் போட்டியாளர்கள் வாங்கிவிட்டார்கள். முழு பாடியை ஒரே இடத்தில் செய்துதர ஆள் இல்லை. அதனால் அடியில் சேசிஸ் என்கிற தனி இரும்புச் சட்டம் வைத்து, துண்டு துண்டாகச் செய்த பாகங்களை அதன்மேல் போல்ட் போட்டு இணைக்கிற மாதிரி அமைத்தார்கள். மேல் உருவத்தை வரைந்தவர் மிக்கெலோட்டி என்கிற இத்தாலிக்காரர். முன்பக்கம் மட்கார்டோடு சேர்ந்து அப்படியே முன்னால் கவிழ்ந்து திறக்கும், முதலை வாயைப் பிளந்த மாதிரி. ஆக, நிஜ ஹெரால்டே ஒரு பெரிய கிட்தான். அதைத் திரும்ப ஒருமுறை வெட்டியதில் பாவம் இல்லை என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

ஆயுசெல்லாம் ரயில்வேயில் கணக்கு எழுதிய கை இது. ஸ்க்ரூ டிரைவரைக்கூட அம்மாதான் எடுத்துத் தருவாள். அதனால் முதல் ஒரு மாதம் கற்றுக்கொள்வதிலேயே போனது. ஸ்ப்ரூ என்கிற பிளாஸ்டிக் சட்டத்திலிருந்து பாகத்தை முறித்து எடுக்கக் கூடாது, முறித்தால் குழி விழும். கொஞ்சம் தள்ளி வெட்டி, மிச்சத்தை பிளேடால் சீவி, பிறகு தேய்க்க வேண்டும். நான் நகவெட்டியில் ஆரம்பித்து, பிறகுதான் நல்ல கட்டிங் பிளையர் வாங்கினேன். அறுபதுகளில் வெட்டிய அச்சு என்பதால் ஓரமெல்லாம் தோசை ஓரம் மாதிரி மெல்லிய பிசிறு. அச்சிலிருந்து சுலபமாகக் கழல எண்ணெய்ப் பசை தடவியிருப்பார்களாம், அது இருந்தால் பெயின்ட் பிடிக்காது. பாத்திரம் தேய்க்கிற சோப்புத் தண்ணீரில் பாகங்களை எல்லாம் கழுவி, அம்மா வடாம் காயவைக்கிற துணியில் பரப்பினேன். அதற்கு வாங்கிய திட்டு தனிக்கதை.

பாகங்களை ஒட்டுகிற பசைதான் எனக்குப் பிடித்த சங்கதி. ஃபெவிகால் இரண்டு பொருளுக்கு நடுவே உட்கார்ந்து பிடிக்கும். இது இரண்டு பக்கத்து பிளாஸ்டிக்கையும் கரைத்து ஒன்றாக்கிவிடுகிறது. பாகங்களைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு, நுனியில் ஒரு துளியைத் தொட்டு வைத்தால் போதும், இடுக்கு தானாகவே உறிஞ்சி உள்ளே ஓடும். ஆனால் கண்ணாடிக்கு மட்டும் ஃபெவிகால். சூப்பர் குளூ வைத்தேன், அதன் ஆவி படிந்து பின்பக்கக் கண்ணாடி பனி படர்ந்த மாதிரி ஆகிவிட்டது. தேய்த்துத் தேய்த்துத் தெளிய வைத்திருக்கிறேன், முழுதும் போகவில்லை.

சரி, கதவுக்கு வருகிறேன். அந்தக் காரில் ஒரு கதவின் நீளம் மூன்றரை சென்டிமீட்டர் இருக்கும். பழைய கதவின் பின்பக்கக் கோட்டை அடைத்து, முன்கதவைக் குறுக்கி, நடுவில் ஒரு தூண் வைத்து, பின்கதவுக்குப் புதுக் கோடு கீற வேண்டும். அடைப்பதற்குப் பட்டி வேண்டுமே. கடைப் பட்டி காய்ந்ததும் பிளாஸ்டிக்கைவிட மிருதுவாக இருந்தது, தேய்த்தால் அது மட்டும் பள்ளம் விழுந்தது. அப்புறம் ஒரு வழி கண்டுபிடித்தேன் (நான் இல்லை, உலகத்தில் எல்லோருக்கும் தெரிந்ததுதான்). மிஞ்சிய ஸ்ப்ரூவைப் பொடிப்பொடியாக நறுக்கி, சின்னக் குப்பியில் அந்தப் பசையையே ஊற்றி மூடி வைத்தேன். மறுநாள் காலை கூழ் தயார். அதே பிளாஸ்டிக் என்பதால் காய்ந்தபின் ஒரே கெட்டி, தேய்த்தால் ஒரே மட்டம். நன்றாகக் காய ஒரு வாரம் விட வேண்டும், அவ்வளவுதான்.

கோடு கீறுவதில் இரண்டு ஞாயிறு போனது. பிளேடின் கூர்ப்பக்கத்தை வைத்தால் பிளாஸ்டிக்கை வெட்டி இரண்டு கரையும் மேடாகிவிடும். முதுகுப்பக்கத்து முனையால் இழுத்தால் சுருள் சுருளாகச் சீவிக்கொண்டு வரும். கெட்டியான டேப்பை ஓரமாக ஒட்டி, அதை ஒட்டியே, பலம் கொடுக்காமல் பத்து முறை இழுக்க வேண்டும். நான் மூன்றாவது முறையிலேயே பலம் கொடுத்தேன். பிளேடு டேப்பைத் தாண்டி ஓடிப் பின் சக்கரத்துக்கு மேல் ஒரு கீறல். திரும்பக் கூழ், திரும்ப ஒரு வாரம். நீ இரண்டாவது முறை கேட்ட வாரம் அதுதான்.

அதற்கு முன்னால் ஒரு பெரிய கூத்து. கார்த்திகை மாதம், அடைமழை, எனக்குப் பொறுமை இல்லை. மேல்கூரையை மட்டும் அடித்துப் பார்ப்போம் என்று, கார்களுக்கு அடிக்கிற என்.சி. பெயின்டைத் தின்னரில் கலந்து தாராளமாக அடித்தேன். பிளாஸ்டிக் வெந்துவிட்டது. மேலே சின்னச் சின்ன வெடிப்பு, காய்ந்த ஏரி மண் மாதிரி. அதற்கு மேல் வெள்ளையாகப் பூத்தும் போனது. தின்னர் ஆவியாகும்போது பரப்பு குளிர்ந்துபோகும், ஈரக்காற்று அதில் பனித்துளி மாதிரி படியும், அதுதான் அந்த வெள்ளை. மழை நாளில் தாத்தா வீட்டுக்கு வந்து "இன்னிக்கு பூத்துப்போச்சு" என்று அலுத்துக்கொள்வது நினைவில் இருக்கிறது. ஏதோ பூவைப் பற்றிப் பேசுகிறார் என்று சின்ன வயதில் நினைத்திருக்கிறேன். ஐம்பது வருஷம் கழித்து அர்த்தம் தெரிந்தது.

கனத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். அந்தக் கோட்டு பத்தில் ஒரு பங்கு மில்லிமீட்டர் இருந்திருக்கும் என்று வைத்துக்கொள். 32-ஆல் பெருக்கினால் நிஜ வண்டியில் மூன்று மில்லிமீட்டருக்கு மேல் பெயின்ட் பூசியதற்குச் சமம். தாத்தா பார்த்திருந்தால் பெயின்ட் அடிக்கிற ஸ்ப்ரே துப்பாக்கியைப் பிடுங்கியிருப்பார். அவர் என்னை அதைத் தொடவே விட்டதில்லை. "இந்த நாத்தம் என்னோட போகட்டும், நீ போய் படி" என்பார்.

பிரேக் ஆயிலில் ஒரு ராத்திரி ஊறவைத்து அந்தப் பெயின்டைக் கழற்றினேன். வெடிப்புக்குக் கூழ் பூசித் தேய்த்தேன். பிறகு தை முடியும்வரை காத்திருந்து, காலையில் பனி விலகிப் பதினொரு மணி ஆனபிறகுதான் வேலை. பாத்ரூம் தரையில் தண்ணீர் தெளித்து, தூசி அடங்கியபின், சட்டையைக் கழற்றிவிட்டு (துணியிலிருந்து நூல் பறந்து ஒட்டுகிறது) அடிக்கிறேன். நெபுலைசர் மாதிரி சத்தம் போடும் ஒரு சின்னக் கம்பிரசர் வாங்கியிருக்கிறேன். அம்மாவிடம் சொன்ன விலை வேறு, கொடுத்த விலை வேறு, நீயும் காட்டிக்கொடுக்காதே. பிரைமர் என்கிற அடிப்பூச்சு மூன்று கோட்டு, ஒவ்வொன்றும் பட்டதா படவில்லையா என்கிற அளவுக்கு. அடித்ததும் இட்லிப் பானையைக் கவிழ்த்து மூடிவிடுவேன்.

இப்போது பிரைமரோடு சாம்பல் நிறத்தில் நிற்கிறது, நாலு கதவோடு. ஸ்ப்ரூவைத் தீக்குச்சியில் காட்டி இளகவைத்து இழுத்து, தலைமுடி கனத்தில் ஒரு ரேடியோ ஏரியல்கூடச் செய்துவிட்டேன். நிறம் மட்டும்தான் பாக்கி. அதில்தான் நீ வேண்டும்.

அந்த நீல டிரங்குப் பெட்டி ஞாபகம் இருக்கிறதா? நீ கிரேயான், உடைந்த வளையல் எல்லாம் போட்டுவைத்து, மூடிமேல் உட்கார்ந்து படிப்பாயே. எனக்குப் பன்னிரண்டு பதிமூன்று வயது இருக்கும்போது தாத்தா அதற்கு அடித்தது ஒரு ஹெரால்டு நீலம். மிஞ்சியதைக் கேட்டு வாங்கி, ஒரு டப்பாவில் கொண்டுவந்து, பின்கட்டில் வைத்து அடித்தார். 2015 டிசம்பரில் அடையாற்று வெள்ளம் வீட்டுக்குள் வந்தபோது இரண்டு நாள் தண்ணீருக்குள் கிடந்தது. சேற்றைக் கழுவி வைத்தேன், அடுத்த கோடைக்குள் துரு தின்றுவிட்டது. பழைய இரும்புக்காரரிடம் போட்டது நான்தான். நகத்தளவு ஒரு சில்லு பெயர்த்து வைத்துக்கொள்ளத் தோன்றவில்லை பார்.

வெள்ளை, நீலம், துளி கறுப்பு என்று கலந்து கலந்து பார்க்கிறேன். இதற்குள் இன்னொரு சிக்கல். ஆவணியில் இடது கண்ணில் புரை எடுத்தார்கள் இல்லையா? வயதாக ஆகக் கண்ணின் லென்ஸ் பழுத்து மஞ்சளாகி, நீலத்தை உள்ளே விடாமல் தடுக்குமாம். புது லென்ஸ் வைத்த இடது கண்ணுக்கு நீலம் பளீர் என்று தெரிகிறது. வலது கண்ணுக்கு அதே நீலம் கொஞ்சம் பச்சை கலந்து, ஊறிப்போன மாதிரி இருக்கிறது. ஜன்னலோரம் நின்று ஒரு கண்ணை மாற்றி ஒரு கண்ணை மூடி மூடிப் பார்க்கிறேன். பக்கத்து வீட்டுக்காரர் என்ன நினைத்தாரோ, இரண்டு நாளாக ஒரு மாதிரி சிரிக்கிறார். அந்தப் பெட்டியை நான் பார்த்ததோ பழைய கண்ணால், அதுவும் பழுப்பதற்கு முன்னால். எந்தக் கண்ணை நம்புவது? அம்மாவைக் கேட்டால் "ரெண்டும் நீலம்தானே" என்கிறாள்.

அந்த நிறத்தை ஒழுங்காகப் பார்த்த கண் இனி உன்னுடையதுதான். போட்டோ அனுப்பலாம் என்றால் என் போன் ஒரு நீலம் எடுக்கிறது, அதை உன் போன் வேறு நீலமாகக் காட்டுகிறது. அதனால்தான் காகிதம். இந்தப் பக்கத்தின் அடியில் இரண்டு பொட்டு வைத்திருக்கிறேன், ஒவ்வொரு கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொன்று கலந்தது. ட்யூப் லைட்டில் பார்க்காதே. உங்கள் ஊரில் வெயில் வருகிற ஒரு நாளில், ஜன்னல் பக்கத்தில் வைத்துப் பார். பெட்டி மூடியின் உள்பக்கம் வெயில் படாமல் நிறம் மங்காமல் இருக்கும், நீ ஸ்டிக்கர் ஒட்டுவாயே, அதை நினைத்துக்கொள். எது என்று மட்டும் சொல்லு. இரண்டும் இல்லை என்றால் அதையும் சொல்லு, திரும்பக் கலக்கிறேன். சின்ன வண்டியில் நிறம் கொஞ்சம் அடர்த்தியாகத் தெரியும், நீ சொன்னபிறகு ஒரு துளி வெள்ளை சேர்த்துக்கொள்வேன்.

வரும்போது பெயின்ட் ஸ்ப்ரே டப்பா எதுவும் வாங்காதே, விமானத்தில் ஏற்ற விடமாட்டார்கள். அந்த ஊர் மோட்டார் மியூசியத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை போனால், ஹெரால்டு இருந்தால், வைப்பர் எந்தப் பக்கம் படுத்திருக்கிறது என்று பார்த்துச் சொல். நம்பர் பிளேட்டை ஒன்றும் எழுதாமலே விடப்போகிறேன். தாத்தா கையைவிட்டுப் போகும்போது எந்த வண்டிக்கும் நம்பர் கிடையாது.

எது எந்தக் கண் என்று இப்போது சொல்ல மாட்டேன். அம்மா, ஊறுகாய் பாட்டிலைத் திறந்துவிட்டாயா, பூஞ்சை பிடித்திருக்கிறதா என்று கேட்கச் சொன்னாள்.

அன்புடன்,
அப்பா