சித்தப்பாவை அங்கே கூட்டிப்போ

அன்புள்ள பங்காளிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. சித்தப்பாவுக்கு நுரையீரல் புற்று, அதுவும் நான்காம் நிலை என்று படித்ததும் கொஞ்ச நேரம் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

டாக்டர் பாலியேட்டிவ் கேர் பிரிவையும் (வலி, மூச்சுத் திணறல் போன்ற அவதிகளைத் தணிக்கிற பிரிவு) பார்க்கச் சொன்னார், "கைவிட்டுட்டாங்க" என்று சித்தி அழுதார், அதனால் போகவில்லை என்று எழுதியிருந்தாய். அதைப் பற்றித்தான் முதலில் சொல்ல வேண்டும். போங்கள், இந்த வாரமே போங்கள். கீமோ ஒரு பக்கம் நடக்கட்டும், இதுவும் கூடவே நடக்கலாம். அமெரிக்காவில் பாஸ்டனில் இதே நோய் முற்றியிருந்த 151 பேரை வைத்து ஓர் ஆய்வு செய்து 2010-ல் வெளியிட்டார்கள். ஆரம்பத்திலிருந்தே இந்தச் சிகிச்சையும் சேர்ந்து கிடைத்தவர்களுக்கு மனச்சோர்வு குறைவு, அன்றாட வாழ்க்கையும் மேல். கடைசிக் கட்டத்தில் கடுமையான சிகிச்சைகள் குறைவாக எடுத்தும், மற்றவர்களில் பாதிப்பேர் 8.9 மாதத்துக்கு மேல் உயிரோடு இருந்தபோது, இவர்களில் பாதிப்பேர் 11.6 மாதத்துக்கு மேல் இருந்தார்கள். ஒரே ஆஸ்பத்திரியில் நடந்த ஆய்வுதான். ஆனாலும் "கைவிட்டுட்டாங்க" என்பதற்கு இது போதுமான பதில்.

எங்கள் அக்காவுக்கும் இதே நுரையீரல் புற்றுதானே, அவளுக்கு வலியைவிட மூச்சுத் திணறல்தான் பெரிய பாடு. குளித்துவிட்டு வருவதற்குள் முகம் வெளிறிவிடும். அந்தப் பிரிவில் இருந்த நர்ஸ் சொல்லிக் கொடுத்தவை எல்லாம் சின்னச் சின்ன விஷயங்கள். குளியலறையில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து குளிப்பது. திணறும்போது மேஜைமேல் தலையணை வைத்து முன்னால் சாய்ந்துகொள்வது. கையில் பிடிக்கிற குட்டி ஃபேனை மூக்கு, கன்னம் படும்படி காட்டுவது. முகத்தில் காற்று பட்டாலே திணறுகிற உணர்வு தணியுமாம். நாங்கள் சிலிண்டர் வாங்க ஓடினோம். ரத்தத்தில் ஆக்சிஜன் குறையாதபோது சிலிண்டரால் பெரிய பயன் இல்லை என்று அவர்களே தடுத்தார்கள்.

அப்புறம் மார்ஃபின், அபினிலிருந்து வருகிற வலிமருந்து. பெயரைக் கேட்டதும் மாமா பதறிவிட்டார். டாக்டர் கண்காணிப்பில் குறைந்த அளவில் கொடுத்தால் வலிக்கு மட்டுமில்லை, திணறலுக்கும் கேட்கிறது. மலச்சிக்கல் பெரும்பாலும் வரும், அதனால் மலமிளக்கியையும் முதல் நாளே எழுதி வாங்கிவிடு. மார்ஃபின் எல்லா மருந்துக்கடையிலும் கிடைக்காது, அந்தப் பிரிவிலேயே கேள்.

சாப்பாட்டுச் சண்டை உங்கள் வீட்டிலும் ஆரம்பித்திருக்குமே? பசியைக் கொல்வது நோய்தான், அவருடைய பிடிவாதம் இல்லை. அக்காவுக்குக் கஞ்சியும் நார்த்தங்காய் ஊறுகாயும் மட்டும் இறங்கிய நாட்கள் உண்டு. கேட்கிறபோது கேட்பதைக் கொஞ்சம் கொடுங்கள், போதும்.

பார்க்க வருகிறவர்களின் வாயை மட்டும் நீ அடைத்தாக வேண்டும். அக்கா விறகடுப்பு ஊதியிருக்கிறாளே தவிர பீடியைத் தொட்டதில்லை. அவளிடமே "வீட்டுல யாரு குடிப்பா?" என்று விசாரித்தார்கள். சித்தப்பா பீடி குடித்தவர், அவரைச் சும்மா விடுவார்களா? பீடி குடித்தவர் என்பதற்காக மூச்சுத் திணறும் பாடு மட்டும் குறைந்துவிடுமா? அவர் ஏற்கெனவே தன்னைத்தானே திட்டிக்கொண்டிருப்பார். ஊரும் சேர வேண்டாம்.

சித்தி இரவெல்லாம் விழித்திருந்தால் அவரும் படுத்துவிடுவார். வாரத்தில் சில இரவாவது நீயோ தம்பியோ பக்கத்தில் படுங்கள். 2021-ல் தமிழக அரசு தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், வீட்டுக்கு வந்து இப்படிப்பட்டவர்களைக் கவனிப்பதும் சேர்த்திதான். ஆரம்ப சுகாதார நிலையத்தில் சொல்லிப் பதிந்து வை.

இங்கே அக்கா இப்போது பரவாயில்லை. புற்றுக்குப் போடுகிற மாத்திரையால் முகமெல்லாம் பரு மாதிரி வந்திருக்கிறது, "இந்த வயசுல எனக்குப் பரு" என்று சிரிக்கிறாள். மகளுக்கு வேலை கிடைத்துவிட்டது, ஓசூரில்.

பயாப்சி எடுத்தார்களே, அதில் மரபணுச் சோதனையும் செய்தார்களா என்று டாக்டரிடம் கேள். அக்காவுக்கு அதில் ஒரு மாற்றம் தெரிந்ததால்தான் கீமோ இல்லாமல் மாத்திரையில் ஓடுகிறது. புகைத்தவர்களுக்கு அந்த வாய்ப்பு குறைவு, ஆனாலும் கேட்காமல் விடாதே. பதில் தெரிந்ததும் போன் பண்ணு, ஞாயிற்றுக்கிழமை நான் புறப்பட்டு வருகிறேன்.

அன்புடன்,
உன் பங்காளி