பெஞ்ச்ல கடைசி சேர்ல உக்காந்திருக்கிற தங்கச்சிக்கு

அன்புள்ள தங்கச்சி,

உன் பேரை இங்க எழுதப் போறதில்ல. நாளைக்கு யாராவது வேலைக்கோ கல்யாணத்துக்கோ உன் பேரைப் போட்டு தேடினா இந்த அக்காவோட புலம்பல் வந்து நிக்கும், எதுக்கு அது. உனக்கு தமிழும் தெரியாது, அது எனக்கு வசதியாப் போச்சு, மனசுல இருக்கிறதை கூச்சமில்லாம சொல்லலாம்.

அமெரிக்காவுல சவுத் கரோலினா யுனிவர்சிட்டி டீமுக்குப் பேரு கேம்காக்ஸ். அவங்க பெண்கள் கூடைப்பந்துன்னா அந்த யுனிவர்சிட்டி இருக்கிற இந்த கொலம்பியா ஊர்ல கிட்டத்தட்ட கோயில் திருவிழாதான்னு இங்க இருக்கிற எல்லாருக்கும் தெரியும், ஊர்ல இருக்கிறவங்களுக்காக சொல்றேன். டீம் ஆடுற காலனியல் லைஃப் அரீனாவுல 18,000 பேர் உக்காரலாம். பத்து வருஷத்துக்கும் மேலா அமெரிக்காவுல பெண்கள் காலேஜ் கூடைப்பந்துக்கு அதிகமா கூட்டம் வர்ற இடம்னா இதைத்தான் முதல்ல சொல்வாங்க. டான் ஸ்டேலி 2008-ல கோச்சா வந்தப்ப முதல் சீசன்ல 10 மேட்ச் ஜெயிச்சு 18 தோத்தாங்க, அப்புறம் 2017, 2022, 2024-ன்னு மூணு சாம்பியன்ஷிப். 2024-ல கப்பு வாங்கின அந்த சீசன்ல ஒரு மேட்ச் கூட தோக்கல, 38-க்கு 38. அரீனா வாசல்ல, இந்த டீம்ல ஆடிட்டுப் போன ஏஜா வில்சனுக்கு சிலையே வச்சிருக்காங்க. இப்படி ஒரு டீம்ல நீ இருக்கே. ஆனா ஆடுறது? டீம் முப்பது நாப்பது பாயிண்ட் முன்னாடி இருந்தாத்தான் கடைசி ரெண்டு மூணு நிமிஷம்.

பெஞ்ச்னு சொன்னா, அதான் ஆட்டத்துல இல்லாதவங்க காத்திருக்கிற இடம், பல பேருக்கு டெஸ்ஸா ஜான்சன்தான் ஞாபகம் வரும். 2024 ஃபைனல்ல அயோவாவுக்கு எதிரா முதல் வருஷப் பொண்ணு, பெஞ்ச்ல இருந்து வந்து 19 பாயிண்ட் அடிச்சுது, 87-75-ன்னு கப்பு வந்துச்சு. அது வேற பெஞ்ச். அது கோச் கையில இருக்கிற துருப்புச்சீட்டு. நீ உக்காந்திருக்கிறது அதுக்கும் அந்தப் பக்கம், தண்ணி பாட்டில் வண்டிக்கு பக்கத்துல. ஸ்காலர்ஷிப் கிடையாது, வாக்-ஆன், சொந்தக் காசுல ஃபீஸ் கட்டி படிச்சுக்கிட்டே ஆடுற ஆளு.

டீவில பாக்குறவங்களுக்கு உன்னைத் தெரியாது, கேமரா உன் பக்கம் திரும்புறதே இல்ல. நாங்க மேல உக்காந்திருக்கிறதால பந்து இல்லாத இடத்தையும் பாப்போம். டைம் அவுட் விசில் அடிச்சதும் முதல்ல எந்திரிக்கிறது நீதான். களைச்சு வர்ற பொண்ணுங்க உக்கார உன் சேரை குடுத்துட்டு வட்டத்துக்கு வெளிய நின்னு, ஸ்டேலி போர்டுல கிறுக்கிறதை முன்னாடி நிக்கிறவங்க தோளுக்கு மேல எட்டி எட்டி பாப்பே. உள்ள போகப் போறதில்லன்னு தெரிஞ்சும் எதுக்கு இவ்வளவு கவனமா பாக்குதுன்னு ஆரம்பத்துல எனக்கு புரியல, அப்புறம்தான் தெரிஞ்சுது, ப்ராக்டிஸ்ல அடுத்த வாரம் எதிர்ல வரப்போற டீமோட ஆட்டத்தை ஆடிக் காட்டுறது உன்னை மாதிரி ஆளுங்களும், கூட வந்து ஆடுற காலேஜ் பசங்களும்தான்னு. அவங்க ஸ்டார் எந்தப் பக்கம் திரும்புவா, எங்க ஸ்க்ரீன் போடுவா, அதான் குறுக்க நின்னு வழி மறிப்பா, எல்லாத்தையும் நீ கத்துக்கிட்டு நம்ம பொண்ணுங்க மேல ஆடிக் காட்டணும், அவங்க அதைத் தடுத்து தடுத்து பழகணும். கல்யாண வீட்டுல காலையில இருந்து நின்னு பரிமாறினவங்களுக்கு கடைசி பந்திதானே, அப்படித்தான் இருக்கு உன் பொழப்பு, அதுவும் சில நாள் சாம்பாரே மிஞ்சாது.

நாலாவது குவார்ட்டர்ல ஸ்கோர்போர்டுல வித்தியாசம் முப்பதைத் தாண்டினதும் எங்க வரிசையில யாரும் பந்தைப் பாக்கிறதில்ல. உன் காலைத்தான் பாப்போம். குனிஞ்சு ஷூ லேஸை அவுத்து திரும்ப இறுக்கிக் கட்டுவே பாரு, அப்பவே எனக்கு முன்னாடி சீட்ல இருக்கிற பாட்டி, சர்ச்சுல இருந்து அப்படியே கருஞ்சிவப்பு சட்டை மாத்திக்கிட்டு வர்றவங்க, "தட்ஸ் மை பேபி"ன்னு எந்திரிச்சு நின்னுடுவாங்க. வார்ம்-அப் சட்டையை நீ கழட்டி எறிஞ்சதும் மொத்த இடமும் கத்தும். ஸ்டேலி எங்களை எல்லாம் ஃபேம்ஸ்னுதான் கூப்பிடுவாங்க, குடும்பம்னு. அந்த நேரத்துல நிஜமாவே அப்படித்தான் இருக்கும், ஒரு குடும்பமே சின்னப் பொண்ணை மேடை ஏத்திவிட்டு நிக்கிற மாதிரி.

ஆனா ஒண்ணு என்னை உறுத்திக்கிட்டே இருக்கு. நீ பந்தைத் தொட்டாலே "ஷூட்! ஷூட்!"னு கத்துறோமே, அது உனக்காகவா எங்களுக்காகவான்னு. மத்த பொண்ணுங்க தப்பு பண்ணா 'ஐயோ'ங்கிறோம், நீ அடிச்ச பந்து ரிங்கைக் கூட தொடாம போனாலும் கை தட்டுறோம். அது பாசம்தான், ஆனா அதுல கொஞ்சம் பரிதாபமும் கலந்துடுதோன்னு ஒரு சந்தேகம். டீம் சின்னம்னு அரீனாவுல சுத்தி வர்ற சேவல் பொம்மைக்கு தட்டுற கையையே உனக்கும் தட்டுறோமோன்னு.

அந்த டிசம்பர் மேட்ச் உனக்கு ஞாபகம் இருக்கான்னு தெரியல, சின்ன காலேஜ், பாவம், நம்மகிட்ட மாட்டிக்கிட்டாங்க. கடைசி அரை நிமிஷத்துக்கும் கம்மி, ஷாட் கிளாக் ஆஃப் ஆயிடுச்சு, அதான் இத்தனை நொடிக்குள்ள பந்தை கூடைக்கு அடிச்சாகணும்னு ஓடுற கடிகாரம், இனி அடிச்சே ஆகணும்னு கட்டாயமில்ல. பந்து உன் கைக்கு வருது, கார்னர்ல ஒருத்தர் கூட பக்கத்துல இல்ல, தூரத்துல இருந்து போட்டு மூணு பாயிண்ட் எடுக்கிற த்ரீ பாயிண்டருக்கு அதைவிட நல்ல இடம் கிடைக்காது. அரீனாவே ஷூட் ஷூட்னு அலறுது, பெஞ்ச்ல உன் ஃப்ரெண்ட்ஸே மூணு விரலை தூக்கிக்கிட்டு குதிக்கிறாங்க. நீ ஒரு தடவை கடிகாரத்தைப் பாத்தே, பந்தை மெதுவா தட்டிக்கிட்டே நடு கோட்டுப் பக்கம் வந்து நின்னுட்டே, பஸ்ஸர் அடிக்கிற வரைக்கும். தோத்துக்கிட்டிருக்கிற டீம் மேல கடைசி நொடியில இன்னொரு கூடை போடக்கூடாதுங்கிறது இந்த ஆட்டத்துல எழுதாத மரியாதை. சீசன் முழுக்க உனக்கு வர்ற ஷாட்டே விரல் விட்டு எண்ணிடலாம், அதுல ஒண்ணை விட்டுக் குடுத்தே. அத்தனை பேர் கத்தியும் மசியல பாரு, அன்னைக்குத்தான் நீ விளையாட்டுக்காரின்னு எனக்கு உறைச்சுது, அதுவரைக்கும் நாங்க உன்னை செல்லப் பிள்ளையாத்தான் பாத்துக்கிட்டு இருந்தோம்.

பாட்டிக்கு மட்டும் கோபம். "அவ போட்டிருக்கலாம்"னு பார்க்கிங் வரைக்கும் சொல்லிக்கிட்டே வந்தாங்க.

இன்னொரு விஷயமும் சொல்லணும். இப்பல்லாம் இடம் கிடைக்கலன்னா, காலேஜ் மாற நினைக்கிறவங்களுக்கான ட்ரான்ஸ்ஃபர் போர்ட்டல்ங்கிற பட்டியல்ல பேரைக் குடுத்துட்டு அடுத்த வருஷமே வேற காலேஜ்ல ஆடலாம், மாறினா ஒரு வருஷம் ஆடாம உக்காந்து காத்திருக்க வேண்டிய விதியும் போயிடுச்சு. இந்த கொலம்பியா ஊர்ப் பொண்ணு, நம்ம டீம்ல ஆடின மிலேசியா ஃபுல்வைலியே 2025-ல லூசியானா ஸ்டேட் யுனிவர்சிட்டிக்கு, அதான் எல்எஸ்யூவுக்கு, போயிட்டா. இங்க சில பேர் அதுக்கு என்னமோ துரோகம் மாதிரி பேசினாங்க, எனக்கு அதுல உடன்பாடு இல்ல, திறமை இருக்கிற பொண்ணு நிறைய ஆட ஆசைப்படுறது தப்பா? நீயும் போயிருக்கலாம், சின்ன டீம் எதுலயாவது மேட்ச்சுக்கு இருபது நிமிஷம் ஆடியிருக்கலாம். போகல. ஏன்னு உன்கிட்ட கேக்கணும்னு ஆசை, ஆட்டோகிராஃப் வரிசையில அதுக்கெல்லாம் நேரம் ஏது.

உன் மாதிரி ஆளுங்களுக்கான இடமே இனி குறைஞ்சுக்கிட்டு வருது. காலேஜ் விளையாட்டுக்காரங்க போட்ட கேஸ்ல 2025 ஜூன்ல கோர்ட்டு ஒத்துக்கிட்ட செட்டில்மென்ட்டுக்கு அப்புறம் காலேஜே விளையாடுற பசங்களுக்கு நேரா காசு குடுக்கலாம், ரொம்ப நாள் முன்னாடியே வந்திருக்க வேண்டியது. ஆனா அதோட ஆள் கணக்கும் வந்துடுச்சு. முன்னாடி பெண்கள் கூடைப்பந்துல ஸ்காலர்ஷிப்புக்குத்தான் 15-ன்னு வரம்பு, அதுக்கு மேல வாக்-ஆனா சேத்துக்கலாம். இப்போ அந்த ஏற்பாட்டுல சேந்த காலேஜ்ல மொத்த டீமுக்கே 15. ஏற்கனவே இருந்தவங்களுக்கு விலக்கு உண்டு, நம்ம டீம்லயும் பொதுவா ஆள் கம்மிதான், அதனால உடனே ஒண்ணும் ஆகாது. இருந்தாலும் ஒவ்வொரு சீட்டுக்கும் விலை வந்துட்ட பிறகு, ஆட வைக்கப் போறதில்லன்னு தெரிஞ்சே ஒரு பொண்ணுக்கு கடைசி சேரை எத்தனை கோச் குடுப்பாங்க, எனக்கு சந்தேகமாத்தான் இருக்கு.

சரி, ரொம்ப நீட்டிட்டேன். அடுத்த மேட்ச்லயும் நாங்க கத்தத்தான் போறோம், அதை நிறுத்த முடியாது, பாட்டி இருக்கிற வரைக்கும் நிச்சயமா முடியாது. ஷாட் கிளாக் அணைஞ்சுடுச்சுன்னா எங்களை காதுல போட்டுக்காதே. ஆனா கிளாக் ஓடிக்கிட்டிருந்து, நீ கார்னர்ல தனியா நின்னுக்கிட்டிருந்தா, புண்ணியமாப் போகும், பாஸ் பண்ணாம போட்டுத் தொலை.

இப்படிக்கு,
மேல் மாடியில இருந்து தொண்டை கட்டின ஒரு அக்கா