ட்ரோனைப் பழிக்கும் முன் ஃபிரேம் கணக்கைப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வில்லிவாக்கத்தில் சிறிய ஸ்டுடியோ வைத்துத் திருமண வீடியோ எடுத்துவருகிறேன். தை முகூர்த்தங்கள் முடிந்த கையோடு, ஒரே குறையைச் சொல்லிக்கொண்டு நான்கு இளைஞர்கள் என்னிடம் வந்தார்கள். நால்வரும் சொந்தமாக ட்ரோன் வைத்திருப்பவர்கள். மெமரி கார்டில் இருக்கும்போது வழுக்கிக்கொண்டு ஓடும் காட்சி, எடிட்டிங் முடித்து எக்ஸ்போர்ட் செய்ததும் (அதாவது முடித்த வீடியோவைத் தனிக் கோப்பாக எடுத்ததும்) தடுக்கித் தடுக்கி ஓடுகிறது என்பதுதான் அவர்கள் முறையீடு. அவர்களில் ஒருவர், கேமராவை ஆடாமல் தாங்கும் கிம்பல் பழுதாகியிருக்கும் என்று ட்ரோனையே சர்வீசுக்குக் கொடுத்துவிட்டார். இன்னொருவர் ஒரு கடைக்காரரின் பேச்சைக் கேட்டுப் புதிய கிராபிக்ஸ் கார்டு வாங்கிப் பொருத்தியிருந்தார். இரண்டு செலவும் தேவையற்றவை. அதே குழியில் நானும் விழுந்து எழுந்தவன் என்பதால், தங்கள் நாளிதழ் வழியாக இதை எழுத விரும்புகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஒரு திருமணம். மண்டபத்தை ஒட்டிய தென்னை வரிசைக்கு இணையாக ட்ரோனைப் பறக்கவிட்டு, மரங்கள் ஒவ்வொன்றாகக் கடந்துபோக, கடைசியில் மண்டப வாசல் திறந்துகொள்வதுபோல் ஒரு காட்சி எடுத்திருந்தேன். ஆல்பத்தோடு வீடியோவையும் கொண்டுபோய்ப் பெண் வீட்டாரின் தொலைக்காட்சியில் போட்டபோது, பெண்ணின் தந்தை இரண்டு முறை பார்த்துவிட்டு, "என்ன தம்பி, மரமெல்லாம் நொண்டுது?" என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. காற்று அதிகம் என்று ஏதோ சொல்லிச் சமாளித்துவிட்டு வந்தேன்.

அன்றிரவு அந்தக் காட்சியை விஎல்சி பிளேயரில் திறந்து நிறுத்தி வைத்தேன். அதில் ஆங்கில 'ஈ' எழுத்து விசையை ஒருமுறை தட்டினால் படம் ஒரே ஒரு ஃபிரேம், அதாவது வீடியோவை உண்டாக்கும் அசையாப் படங்களில் ஒன்று மட்டும் நகரும். ஒரு தென்னையின் அடிமரத்தைக் குறியாக வைத்து, திரையின் மீது பள்ளிக்கூட ஸ்கேலைப் பிடித்துக்கொண்டு விசையைத் தட்டினேன். நான்கு தட்டுகளுக்கு மரம் சமமான தூரம் நகர்ந்தது; ஐந்தாவது தட்டுக்கு இரண்டு மடங்கு தூரம் தாவியது. மறுபடி நான்கு சமமான நகர்வு, மறுபடி ஒரு தாவல். மெமரி கார்டில் இருந்த மூலக் காட்சியை அதேபோல் தட்டிப் பார்த்தால் ஒரு தாவல்கூட இல்லை. ட்ரோன் தன் வேலையை ஒழுங்காகச் செய்திருந்தது, கெடுத்தவன் நான்தான்.

ட்ரோன் பதிவு செய்தது விநாடிக்கு 30 ஃபிரேம். எடிட்டிங் மென்பொருளில் காட்சிகளை வரிசையாக அடுக்கும் என் டைம்லைன் 25 ஃபிரேம். முப்பதை இருபத்தைந்தில் அடைக்க வேண்டிய மென்பொருள், யாரையும் கேட்காமல் ஒவ்வொரு ஆறாவது ஃபிரேமையும் தூக்கி எறிந்துவிடுகிறது. அதாவது விநாடிக்கு ஐந்து ஃபிரேம் காணாமல் போகிறது, அந்த ஐந்து இடங்களிலும் காட்சி தாவுகிறது. மணமக்கள் முகத்தில் இது தெரியாது, ஏனென்றால் அங்கே அசைவு குறைவு. தென்னை, மின்கம்பம், மாடிக் கைப்பிடிக் கம்பி என்று செங்குத்தாக நிற்கும் எதுவும் பக்கவாட்டில் கடக்கும்போது கண் அதைப் பின்தொடர்கிறது, அதனால் ஒவ்வொரு தாவலும் உறுத்துகிறது. ட்ரோன் காட்சியில் பாதிக்கு மேல் இப்படிப்பட்டவைதான் என்பதால் பழியும் ட்ரோன் தலையில் விழுகிறது.

இந்த 25 எங்கிருந்து வந்தது என்று இளைஞர்கள் கேட்கிறார்கள். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், அதாவது விநாடிக்கு 50 சுழற்சி; அதில் பாதிதான் 25. 1975ஆம் ஆண்டு ஆகஸ்ட் 15 அன்று தொடங்கிய சென்னைத் தொலைக்காட்சி உட்பட, இந்தியத் தொலைக்காட்சி முழுவதும் விநாடிக்கு 25 ஃபிரேம் முறையிலேயே ஓடியது. டேப் காலத்திலிருந்து தொழில் செய்யும் எங்களைப் போன்றோர் அந்த எண்ணை அப்படியே கேமராவிலும் வைத்துக்கொண்டோம். இது வெறும் பழக்கமும் அன்று: மண்டபத்தின் மலிவான எல்இடி சரங்கள் மினுங்காமல் இருக்க 25 ஃபிரேமும் ஐம்பதில் ஒரு பங்கு விநாடி ஷட்டரும் (ஒவ்வொரு ஃபிரேமுக்கும் ஒளி விழும் நேரம்) இன்றும் கைகொடுக்கின்றன. ட்ரோனையோ, பெட்டியிலிருந்து எடுத்ததும் 30இல் இருந்தால் அப்படியே பறக்கவிடுகிறோம். கல்யாண வீட்டுப் பையன் எடுத்துத் தரும் கைப்பேசிக் காட்சியின் ஃபிரேம் ரேட் ஒரே கிளிப்பிலேயே ஏறி இறங்கும். மூன்றையும் ஒரே டைம்லைனில் கொட்டினால் ஏதாவது ஒன்று நொண்டத்தான் செய்யும்.

ஏற்கெனவே எடுத்துவிட்ட காட்சிக்கு எளிய மருந்து இருக்கிறது. ட்ரோன் காட்சியில் காப்பாற்ற வேண்டிய ஒலி எதுவும் இல்லை; எனவே அதன் வேகத்தைக் கொஞ்சம் குறைத்தால் யாருக்கும் தெரியாது. எடிட்டிங் மென்பொருள்களான பிரீமியரில் 'இன்டர்பிரெட் ஃபுட்டேஜ்', டாவின்சி ரிசால்வில் 'கிளிப் ஆட்ரிபியூட்ஸ்' என்ற இடத்தில் அந்தக் கிளிப்பை 25 ஃபிரேம் என்று அறிவித்துவிட்டால், ஒரு ஃபிரேமும் எறியப்படாமல் எல்லாமே வரிசையாக ஓடும். பத்து விநாடிக் காட்சி பன்னிரண்டு விநாடியாகும், அவ்வளவுதான். பறப்பது இன்னும் நிதானமாகத் தெரிவதால் பார்க்கவும் நன்றாகவே இருக்கும். சிலர் இதற்குப் பதிலாக 'ஆப்டிகல் ஃப்ளோ' முறையில் இடைப்பட்ட ஃபிரேம்களை மென்பொருளையே வரைய விடுகிறார்கள். வெட்டவெளிக்கும் கடலுக்கும் அது பொருந்தும். தென்னங்கீற்றும் மின்கம்பியும் குறுக்கே வந்தால் ஓரங்கள் ஜெல்லிபோல் நெளியும். நான் அதைத் தவிர்க்கிறேன்.

இனி எடுக்கப்போகும் காட்சிக்கு, ட்ரோன் மெனுவிலேயே 25 அல்லது 50 என்று மாற்றிவிடுவது நல்லது. ஐம்பதில் ஒன்றுவிட்டு ஒன்றை எடுத்தால் இருபத்தைந்து சமமாகவே வரும். அறுபதில் அப்படி வராது, சில இடங்களில் இரண்டும் சில இடங்களில் மூன்றுமாகத் தாண்ட வேண்டியிருக்கும். கைப்பேசியிலும் யூடியூபிலும் மட்டுமே பார்க்கப்போகும் வீடியோ என்றால் கேமரா, ட்ரோன், டைம்லைன், எக்ஸ்போர்ட் அனைத்தையும் 30இல் வைத்துக்கொள்வதிலும் தவறில்லை. பெரும்பாலான திரைகள் விநாடிக்கு 60 முறை புதுப்பிக்கப்படுபவை, 30 அதில் சமமாக அடங்கும். எது என்றாலும் முதல் கிளிப்பை உள்ளே கொண்டுவருவதற்கு முன்பே முடிவுசெய்ய வேண்டும். ரிசால்வில் புதிய புராஜெக்ட் வழக்கமாக 24இல் தொடங்கும். கிளிப்பின் ஃபிரேம் ரேட் வேறாக இருக்கிறது, மாற்றட்டுமா என்று அது கேட்கவும் செய்யும். நாம்தான் அவசரத்தில் படிக்காமல் மறுத்துவிடுகிறோம். அதன்பின் அந்தப் புராஜெக்டின் எண்ணை மாற்ற முடியாது.

எல்லாத் தடுக்கலும் இந்த வகையைச் சேர்ந்தது அல்ல என்பதையும் சொல்ல வேண்டும். விநாடிக்கு 100 மெகாபிட் அளவில் எக்ஸ்போர்ட் செய்த 4கே கோப்பைப் பழைய பென்டிரைவில் போட்டுத் தொலைக்காட்சியில் செருகினால், ஒவ்வொரு விநாடிக்கும் 12.5 மெகாபைட்டைப் படித்து விரித்துக் காட்ட முடியாமல் தொலைக்காட்சி திணறும். கோப்பு நன்றாகவே இருக்கும். கணினியின் உள் டிஸ்க்கில் நகலெடுத்து, மேலே சொன்ன விசையால் தட்டிப் பார்த்தால் ஒரு நிமிடத்தில் உண்மை தெரிந்துவிடும்: நகர்வு சமமாக இருந்தால் குறை கோப்பில் இல்லை, பிட்ரேட்டை (விநாடிக்கு இத்தனை மெகாபிட் என்ற அளவை) குறைத்து இன்னொரு பிரதி எடுத்துக்கொடுத்தால் போதும். எடிட்டிங் செய்யும்போது மட்டும் திணறுவது அதனினும் வேறு, ஹெச்.265 என்ற முறையில் இறுக்கிச் சுருக்கிய கோப்புகளை விரிப்பது கணினிக்குச் சுமை, அதற்கு எடிட்டிங்கின்போது மட்டும் பயன்படும் இலகுவான நகல்களான பிராக்ஸி கோப்புகள் இருக்கின்றன. கிராபிக்ஸ் கார்டு வாங்கியவருக்குத் தேவைப்பட்டது இந்த இரண்டும்கூட அல்ல.

இன்னொன்று நம் ஊர் வெயில். உச்சி வெயிலில், ஒளி நுழையும் துளை எஃப் 2.8 என்ற அளவில் நிலையாக இருக்கும் ட்ரோன் கேமரா, வெளிச்சத்தைக் கட்டுப்படுத்த ஷட்டரை 3200இல் ஒரு பங்கு விநாடிவரை கொண்டுபோகும். ஒவ்வொரு ஃபிரேமும் அச்சடித்ததுபோல் துல்லியமாக நிற்கும், அசைவின் மெல்லிய கலங்கல் இல்லாமல் போகும்; அதனால் ஃபிரேம் கணக்கு சரியாக இருந்தாலும் காட்சி துள்ளுவதுபோல் தெரியும். வெளிச்சத்தைக் குறைக்கும் கருப்புக் கண்ணாடியான என்.டி. ஃபில்டரில் 64 என்று எண்ணிட்டதை மாட்டினால் ஷட்டர் ஐம்பதில் ஒரு பங்குக்கு இறங்கிவிடும். எடிட்டிங்கில் இதற்கு முழு நிவாரணம் கிடையாது. ட்ரோனை வேகமாகத் திருப்பினாலும் இதே கதைதான்; ஒரு பொருள் திரையின் ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரத்துக்குப் போக ஏழு விநாடியாவது ஆக வேண்டும் என்பது ஒளிப்பதிவாளர்களின் பழைய கணக்கு.

மறுபடி போய் எடுத்துக்கொள்ளலாம் என்று இருந்தால் இவ்வளவு எழுத மாட்டேன். முகூர்த்தம் திரும்ப வராது. மீனம்பாக்கம் விமான நிலையத்தைச் சுற்றியுள்ள பகுதிகளில் ட்ரோனுக்கு அனுமதி பெறுவதே பெரும்பாடு. சென்னையில் தெருவுக்குத் தெரு முளைத்திருக்கும் குறுகிய காலப் பயிற்சி வகுப்புகள் ட்ரோனைப் பறக்கவிடவும் வண்ணம் சேர்க்கவும் சொல்லித்தருகின்றன. ஃபிரேம் ரேட்டுக்கு ஒரு பிற்பகலை ஒதுக்க அவற்றின் ஆசிரியர்கள் முன்வர வேண்டும். தங்கள் நாளிதழின் தொழில்நுட்பப் பக்கமும் புதிய ட்ரோன்களின் விலைப்பட்டியலோடு நின்றுவிடாமல் இதற்கு இடம் தந்தால் பலருக்குப் பணம் மிஞ்சும்.

கிராபிக்ஸ் கார்டு வாங்கியவரின் வீடியோவை என் மேசையிலேயே திருத்தி எக்ஸ்போர்ட் செய்துகொடுத்தேன், தாவல் போய்விட்டது. கிம்பலைச் சர்வீசுக்குக் கொடுத்தவரின் வீடியோவும் சரியாகிவிட்டது. அவருடைய ட்ரோன்தான் இன்னும் திரும்பி வரவில்லை.

இப்படிக்கு,
திருமண ஒளிப்பதிவாளர் ஒருவர்,
வில்லிவாக்கம், சென்னை - 49