வெள்ளை கவுனுக்குச் சொல்லப்படும் அர்த்தம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மணப்பெண் சடங்குகளின் பொருள் பற்றித் தங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். 22 வருடங்களாக மணப்பெண்களுக்கு கவுன் தைப்பவள் நான். பழையது ஒன்று, புதியது ஒன்று, இரவல் ஒன்று, நீலம் ஒன்று என்ற இங்கிலாந்து வழக்கத்தை அழகாக விளக்கியிருந்தீர்கள். ஆனால், வெள்ளை கவுன் கன்னிமையைக் குறிக்கும் ஆதிகால வழக்கம் என்ற வரிதான் மனதை உறுத்துகிறது.

போன மாதம் ஒரு பெண் அளவு கொடுக்க வந்தார். கணவரை இழந்தவர், மறுமணம். துணிகளை மேசையில் விரித்தேன். வெள்ளை சாட்டினைத் தடவிப் பார்த்தவர், சுட்டதுபோலக் கையை இழுத்துக்கொண்டார். "எனக்கு இது கூடாதாமே, சந்தன நிறத்துலயே தைச்சுடுங்க" என்றார். சொந்தக்காரர் யாரோ சொன்னாராம்.

ஐரோப்பாவில் முன்பெல்லாம் மணப்பெண்கள் இருப்பதில் நல்ல உடையை உடுத்தினார்கள். நீலம், சிவப்பு, பழுப்பு, எதுவானாலும் சரி. கல்யாணத்துக்குப் பிறகும் அதையே விசேஷ நாட்களில் போட்டுக்கொள்வார்கள். வெள்ளையைத் துவைத்துக் காப்பாற்ற வசதி வேண்டுமே! பிரான்ஸ் அரச குடும்பத்தில் வெள்ளை துக்கத்தின் நிறமாகக்கூட இருந்தது.

வெள்ளை பரவியது விக்டோரியா மகாராணியால். 1840 பிப்ரவரி 10 அன்று நடந்த தன் திருமணத்துக்கு, லண்டன் ஸ்பிட்டல்ஃபீல்ட்ஸில் நெய்த வெள்ளைப் பட்டுத் துணியையும், இங்கிலாந்தின் டெவன் பகுதியில் கையால் பின்னும் ஹானிட்டன் லேஸையும் அவர் தேர்ந்தெடுத்தார். இயந்திர லேஸ் வந்து, கையால் பின்னும் பெண்களின் பிழைப்பு போய்க்கொண்டிருந்த நேரம். அந்த ஆர்டரால் பீர் என்ற கடலோர ஊரில் சுமார் 200 பெண்களுக்குப் பல மாதம் வேலை கிடைத்தது. அந்த மாதிரி லேஸை நானும் ஒருமுறை பின்னிப் பார்த்தேன். திண்டில் ஊசிகளைக் குத்தி, நூல் சுற்றிய குச்சிகளை மாற்றி மாற்றிப் போட வேண்டும். ஒரு மதியம் முழுக்க உட்கார்ந்தும் கட்டைவிரல் நகமளவுதான் வந்தது. அந்தப் பெண்களின் கைகளை நினைக்காமல் இப்போதெல்லாம் என்னால் லேஸைத் தொட முடிவதில்லை.

வெள்ளை என்றால் தூய்மை என்று பத்திரிகைகள் பெரிதாக எழுத ஆரம்பித்தது அதற்குப் பிறகுதான். இன்னொன்றும் சொல்ல வேண்டும். 1861இல் கணவர் இறந்தபின் ஏறக்குறைய 40 வருடம் கறுப்பு உடுத்திய விக்டோரியா, 1901இல் வெள்ளை உடையில், தன் கல்யாண முக்காட்டோடுதான் அடக்கம் செய்யப்பட்டார். அது அவர் விருப்பம்.

இதையெல்லாம் அந்தப் பெண்ணிடம் சொன்னேன். ரொம்ப நேரம் பேசாமல் இருந்தார். அப்புறம் சாட்டினைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். மறுநாள், முதல் கல்யாண கவுனிலிருந்து ஒரு சாண் லேஸை வெட்டிக் கொண்டுவந்து, வெளியே தெரியாமல் உள்ளே தைக்கச் சொன்னார்.

இந்தத் திருத்தத்தைத் தயவுசெய்து வெளியிடுங்கள். இதே தயக்கத்தோடு இன்னும் எத்தனையோ பெண்கள் இருப்பார்கள். அவருடைய கவுனில் ஓரம் மடிப்பதுதான் பாக்கி. லேஸை இடது பக்கம், உள் துணியில் வைத்துத் தைத்துவிட்டேன்.

இப்படிக்கு,
ஒரு தையல்காரர்